மேலேறும் கதவுக்கு எந்த எண்ணெய்? ஒரு நூற்றாண்டு விவாதத்தின் மதிப்பீடு

அமெரிக்க வீடொன்றில் அசையும் பொருள்களில் ஆகப் பெரியது கராஜ் கதவு. இரண்டு கார் நிற்கும் கராஜ் என்றால் கதவு 16 அடி அகலம், 7 அடி உயரம். எடை நூறு கிலோவைத் தொடுவது அரிதல்ல. நாளுக்கு மூன்று நான்கு முறை தலைக்கு மேல் ஏறி மடங்கி இறங்கும் இந்தக் கதவு கிரீச்சிடத் தொடங்கியதும் வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இதற்கு எதைப் போடுவது?

கேள்விக்குக் கதவின் வயதே ஆகிறது. மேல்நோக்கி ஏறும் மடிப்புக் கதவை சி. ஜி. ஜான்சன் 1921இல் உருவாக்கினார். 1926இல் அதற்கு மின்சாரத் திறப்பானையும் சேர்த்தார். அன்றிலிருந்து வந்த பதில்கள் பல. மோட்டார் ஆயில் என்றார்கள், கிரீஸ் என்றார்கள். நீலமும் மஞ்சளுமான டப்பா ஒன்று வந்தது, பிறகு வெள்ளை லித்தியம், சிலிக்கோன் ஸ்பிரே. கடைசியில் எதுவுமே வேண்டாம் என்றும் ஒரு தரப்பு சொன்னது. ஒவ்வொரு பதிலும் தன் காலத்தின் வேதியியலோடு வந்தது. புதியது பழையதை விரட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் இன்று ஒரே கதவைப் பற்றி உற்பத்தியாளரின் கையேடு ஒன்றையும், பழுதுபார்ப்பவர் இன்னொன்றையும், டப்பாவின் லேபிள் வேறொன்றையும் சொல்கின்றன. இந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, எங்கே தடுமாறுகின்றன என்று பார்த்தால், அவை பல நேரம் ஒரே கேள்விக்கான பதில்களே அல்ல என்பது தெரியவரும்.

கதவுக்குள் எத்தனை உரசல்

கராஜ் கதவு என்று ஒற்றையில் சொன்னாலும் அதற்குள் உரசல்கள் பலவகை. நான்கைந்து பலகைகளைக் கோக்கும் கீல்களில் எஃகும் எஃகும் மெல்லத் தேய்கின்றன. இருபுறமும் உள்ள ரோலர்கள் டிராக்குக்குள் உருள வேண்டும், வழுக்கக் கூடாது. ரோலருக்குள் குண்டுகள் சுழல்கின்றன. கதவுக்கு மேலே குறுக்குத் தண்டில் பூட்டிய முறுக்கு ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றையொன்று உரசுகின்றன. கதவின் அடியிலும் ஓரங்களிலும் ரப்பரோ வினைலோ தரையிலும் மரச்சட்டத்திலும் படிகிறது. இவற்றுக்கெல்லாம் வெளியே, திறப்பானின் சங்கிலியோ பெல்ட்டோ திருகுத்தண்டோ தனி உலகம்.

உராய்வியலின் வரலாறும் இங்கே கொஞ்சம் வழிகாட்டும். இங்கிலாந்தில் 1883இல் ரயில் அச்சுத் தாங்கிகளை ஆராய்ந்த போசாம்ப் டவர், வேகமாகச் சுழலும் அச்சு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது என்று கண்டார். 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணிதம் எழுதினார். மிதப்பதற்கு வேகம் வேண்டும், எண்ணெய்க்குத் தடிப்பும் வேண்டும். ஆனால் கராஜ் கதவின் கீல் ஒரு பயணத்துக்குப் பத்துப் பதினைந்து விநாடிகளில் கால் வட்டத்துக்கும் குறைவாகத்தான் திரும்புகிறது. அங்கே மிதக்கும் படலம் உருவாக வாய்ப்பு மிகக் குறைவு. 1922 வாக்கில் வில்லியம் ஹார்டி விவரித்த வேறொரு நிலைதான் பொருந்தும்: உலோகத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும் சில மூலக்கூறுகள் கனமே உள்ள மெல்லிய பூச்சு இரு பரப்புகளும் நேரடியாகக் கடிபடாமல் காக்கிறது. இந்த நிலையில் எண்ணெயின் தடிப்பைவிட அது உலோகத்தை எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்பதே முக்கியம். கெட்டியாக இருந்தால் நல்லது என்ற பொதுப்புத்தி கராஜில் அவ்வளவாகச் செல்லுபடியாகாததற்கு இது ஒரு காரணம்.

கைக்கு எட்டியது எதுவோ அது

மிகப் பழைய பதில், பக்கத்தில் இருப்பதை ஊற்றுவது. எகிப்தில் ஏறத்தாழ 3,900 ஆண்டுகளுக்கு முந்தைய ஜெஹூதிஹோதெப் கல்லறை ஓவியத்தில், பெருஞ்சிலையை ஏற்றிய சறுக்குவண்டியின் முன்னால் நின்று ஒருவன் மணலில் எதையோ ஊற்றுகிறான். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2014இல் சோதித்தபோது, சரியான அளவு ஈரமான மணலில் இழுக்கத் தேவைப்படும் விசை பாதியாகக் குறைவதைக் கண்டார்கள். தண்ணீரே போதுமானதாக இருந்திருக்கலாம்.

தமிழ்நாட்டு மாட்டுவண்டிக்காரர்களின் வண்டிமை இந்தப் பரம்பரையில் சற்று மேலான தொழில்நுட்பம். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து அச்சில் அப்பினார்கள். எண்ணெய் பற்றிக்கொண்டது, கரி அதைக் கெட்டிப்படுத்திப் பிடித்துவைத்தது. திரவத்தைத் திடப்பொருள் ஒன்று தாங்கி நிற்பதுதான் கிரீஸ் என்பதன் அடிப்படை. வண்டிமை அந்த இலக்கணத்துக்குள் அடங்கும். விளக்கெண்ணெயைத் தேர்ந்ததும் தற்செயலாக இருக்க முடியாது. அதிலுள்ள ரிசினோலிக் அமிலத்தில் கூடுதலாக ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருப்பதால், மற்றத் தாவர எண்ணெய்களைவிட அது உலோகத்தை இறுகப் பற்றும். காய்ந்து பிசினாவதும் இல்லை. நம் வீட்டுக் கீல்களுக்கு அவசரத்துக்கு இடும் தேங்காய் எண்ணெய்க்கு இந்தக் குணமெல்லாம் போதாது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்தே போகும். சென்னையில் தப்பிக்கலாம், சிகாகோவின் சூடேற்றாத கராஜில் நடக்காது.

ஜான்சனின் கதவு வந்தபோது அமெரிக்கக் கராஜில் கைக்கு எட்டியது மோட்டார் ஆயில். காருக்கு வாங்கியதில் மிச்சம் கதவுக்குப் போனது. இதன் குறைகள் எல்லாருக்கும் தெரிந்தவை: சொட்டும், காரின் மேல் விழும், தூசியை வரவேற்கும். ஒருமுறை எஞ்சினில் ஓடிய பழைய ஆயிலாக இருந்தால் எரிப்பின் அமிலங்களும் உலோகத் துகளும் அதில் கலந்திருக்கும். நம் கடைத்தெருக்களில் ஷட்டருக்குப் பழைய இன்ஜின் ஆயிலைத் துணியில் நனைத்து அடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மலிவுதான் அதன் ஒரே நியாயம். இருந்தாலும் புதிய மோட்டார் ஆயிலை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. தேய்மானத்தைத் தடுக்கவென்றே அதில் சேர்க்கும் துத்தநாகச் சேர்மங்கள் மெதுவாக உரசும் எஃகுக்கு உதவக்கூடியவை. ஸ்பிரிங்குக்கு இன்றும் மோட்டார் ஆயில்தான் என்று அடம்பிடிக்கும் பழைய கைகளை அறியாமைக்காரர்கள் என்று சொல்வது அவசரத் தீர்ப்பு.

நீல டப்பாவின் வழக்கு

இந்த விவாதத்தில் அதிகம் திட்டு வாங்கிய பொருள் டபிள்யூடி-40. 1953இல் சான் டியேகோவின் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி, அட்லஸ் ஏவுகணையின் மேற்தோலைத் துருவிலிருந்து காக்கத் தயாரித்தது. பெயரே அதன் வேலையைச் சொல்கிறது: நீரை விலக்குவது, நாற்பதாவது முயற்சியில் கைகூடியது. 1958இல் கடைகளுக்கு வந்தது. 1969இல் நிறுவனமே பொருளின் பெயரைச் சூடிக்கொண்டது.

எதிர்ப்பவர்களின் வாதம் இது: பாதி டப்பாவோ அதற்கு மேலோ ஆவியாகும் பெட்ரோலியக் கரைப்பான். அது உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்து வெளியேற்றும், தானும் ஆவியாகிவிடும். சத்தம் இரண்டு வாரம் அடங்கும், பிறகு முன்னைவிடக் கூடும். ஆதரிப்பவர்களின் வாதம், அதில் கனிம எண்ணெயும் உண்டு, ஆகவே அது மசகும்தான் என்பது. இரண்டும் உண்மை. கேள்வி அளவைப் பற்றியது. கரைப்பான் போனபின் தங்கும் எண்ணெய் மெல்லியது. கனமான கதவின் கீலில் அது நெடுநாள் நிற்குமா என்பது சந்தேகம். அதே நிறுவனம் வெள்ளை லித்தியத்தையும் சிலிக்கோனையும் தனித்தனி டப்பாக்களில் விற்பது இந்தச் சந்தேகத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு ஒப்புதல் வாக்குமூலம்.

ஆனால் எதிர்ப்பாளர்கள் பொதுவாகச் சொல்லாமல் விடும் ஒன்று உண்டு. துருவும் பழைய பசையும் இறுகிப்போன கீலைத் திறக்க இதைவிட எளிதில் கிடைக்கும் பொருள் குறைவு. அடித்து, துடைத்து, பிறகு வேறொன்றை இட்டால் குற்றச்சாட்டில் பெரும்பகுதி விழுந்துவிடுகிறது. சுத்தம் செய்யும் பொருளை மசகு என்று எண்ணிப் பயன்படுத்தியதில்தான் தகராறு. மூடிய பேரிங் உள்ள ரோலர்கள் மட்டும் விலக்கு: கரைப்பான் மூடியைத் தாண்டிக் கசிந்து உள்ளிருக்கும் கிரீஸை நீர்க்கச் செய்யலாம். தொழிலாளர்கள் இப்படி எச்சரிப்பதற்கு நியாயம் இருக்கிறது.

விளக்கெண்ணெய் திரும்பி வந்தது

இன்று அமெரிக்கப் பழுதுபார்ப்பவர்களில் பெரும் தரப்பு வெள்ளை லித்தியத்தின் பக்கம். கிளாரன்ஸ் ஏர்ல் 1942இல் லித்தியம் சோப்பால் கெட்டிப்படுத்திய கிரீஸுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பு இருந்தவற்றில் கால்சியம் கிரீஸ் நீரைத் தாங்கும், சூட்டைத் தாங்காது. சோடியம் கிரீஸ் சூட்டைத் தாங்கும், நீரில் கரையும். லித்தியம் இரண்டையும் தாங்கியது. இன்றும் உலகில் தயாராகும் கிரீஸில் பாதிக்கு மேல் லித்தியத்தை அடிப்படையாகக் கொண்டதே. பெயரிலுள்ள வெண்மை, பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடு சேர்ப்பதால் வருவது.

இந்தச் சோப்பு தயாராவது 12-ஹைட்ராக்சிஸ்டியரிக் அமிலத்திலிருந்து. அது கிடைப்பது விளக்கெண்ணெயை ஹைட்ரஜனேற்றுவதால். வண்டிமையின் எண்ணெய் வேதி ஆலை வழியாகச் சுற்றி மினசோட்டாவின் கராஜுக்குள் நுழைந்திருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. உலகுக்கு ஆமணக்கைத் தருவதில் இந்தியா முதலிடம், அதில் குஜராத்தின் பங்கே பெரிது. தமிழ்நாட்டில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்குகிறது. இந்தத் தொடர்பை அமெரிக்கக் கையேடு எதுவும் சொல்லாது, சொல்ல வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை.

லித்தியத்தின் வலிமை கீலில் தெரியும்: ஒட்டுகிறது, நிற்கிறது, மழைச்சாரலில் கழுவிப்போவதில்லை. பலவீனமும் அந்த ஒட்டும் குணத்திலிருந்தே வருகிறது. மண் பறக்கும் அரிசோனா போன்ற இடங்களில் கிரீஸில் படியும் நுண்மணல் தேய்ப்புப்பசையாக மாறிவிடும். கடும் குளிரில் கிரீஸுக்குள் இருக்கும் அடிப்படை எண்ணெய் தடித்து, கதவை நகர்த்தக் கூடுதல் விசை கேட்கும். திறப்பான் அந்தக் கூடுதலை ஏதோ தடை என்று எண்ணிக் கதவைத் திருப்பி அனுப்பிவிடவும் கூடும். குளிர்காலத்தில் கோபித்துக்கொள்ளும் கதவுகளில் சிலவற்றுக்குக் காரணம் கோடையில் தாராளமாக அப்பிய கிரீஸாக இருக்கலாம். தேவைப்படுவது எவ்வளவு என்பதில் வீட்டுக்காரர்கள் ஏறக்குறைய எப்போதுமே அதிகத்தின் பக்கம்தான் தவறுகிறார்கள்.

சிலிக்கோன்: சரியான பொருள், தவறான இடம்

சிலிக்கோன் வேதியியலுக்கு அடித்தளமிட்டவர் நாட்டிங்ஹாமின் ஃபிரெடரிக் கிப்பிங். அதைத் தொழிலாக்கியது 1943இல் மிச்சிகன் மாநிலத்து மிட்லண்டில் தொடங்கிய டவ் கார்னிங். போர்க்கால விமானங்களின் எரியூட்டும் அமைப்பை ஈரத்திலிருந்து காத்தது இதன் முதல் பெரிய பணிகளில் ஒன்று. வெப்பநிலை மாறினாலும் பாகுத்தன்மை அதிகம் மாறாது, ரப்பரைக் கெடுக்காது, தூசியையும் கிரீஸ் அளவுக்கு இழுக்காது. உற்பத்தியாளர்களில் பலர் சிலிக்கோன் ஸ்பிரேயைப் பரிந்துரைப்பதற்கு இவை போதுமான காரணங்கள்.

உராய்வியலாளர்கள் ஒரு குறையைத் தொடர்ந்து சுட்டுகிறார்கள்: சாதாரண சிலிக்கோன் எண்ணெய், அழுத்தத்தோடு எஃகும் எஃகும் உரசும் இடத்தில் மோசமான மசகு. உலோகத்தை அது பற்றுவதில்லை. ஹார்டி சொன்ன மெல்லிய பூச்சு அதனால் உறுதியாக அமைவதில்லை. ஆகவே கீலுக்கும் ஸ்பிரிங்குக்கும் சிலிக்கோனை முதல் தேர்வாகச் சொல்வது வலுவான நிலைப்பாடாகத் தெரியவில்லை. கதவின் அடி ரப்பருக்கும் ஓர வினைலுக்கும் நிலைமை நேர்மாறு. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இந்த வகை ரப்பர் ஊதும், வினைல் காலப்போக்கில் விறைத்துப்போகலாம். அங்கே சிலிக்கோனுக்குப் போட்டியே இல்லை. பனிக்காலத்தில் அடி ரப்பர் தரையோடு உறைந்து ஒட்டாமல் இருக்கவும் அதுவே உதவுகிறது.

கராஜிலேயே காருக்கு வண்ணம் பூசுகிறவர்கள் சிலிக்கோன் ஸ்பிரேயை வாசலில் வைத்தே திருப்பி அனுப்புவார்கள். காற்றில் பரவிப் படிந்த துளி எங்காவது இருந்தால் அந்த இடத்தில் வண்ணம் பிடிக்காமல் மீன்கண் போல் குழி விழும்.

எண்ணெய் வேண்டாத கதவு

கடைசியாக வந்த தரப்பு, கேள்வியையே மாற்றுகிறது: எண்ணெய் இடவே தேவைப்படாத பாகங்களைப் பூட்டிவிட்டால் என்ன? எஃகு ரோலருக்குப் பதில் நைலான் சக்கரம், திறந்த குண்டுகளுக்குப் பதில் இருபுறமும் மூடி ஆயுளுக்கும் கிரீஸ் அடைத்த பேரிங், சங்கிலிக்குப் பதில் பெல்ட். 1938இல் டுபான்டில் ராய் பிளங்கெட் எதிர்பாராமல் கண்ட டெஃப்லானைக் கலந்த உலர் ஸ்பிரேக்கள் இதே சிந்தனையின் இடைவழி. கரைப்பான் ஆவியாகி வெறும் படலம் தங்கும், தூசி ஒட்டாது. ஆனால் எஃகுக் கீலின் அழுத்தத்தில் அந்தப் படலம் விரைவில் உரிந்துவிடுகிறது.

சத்தத்தைப் பொறுத்தவரை நைலான் வென்றுவிட்டது என்றே சொல்லலாம். கராஜுக்கு மேலே படுக்கையறை இருக்கும் வீடுகளில் ரோலரை மாற்றினால் கிடைக்கும் அமைதியை எந்த டப்பாவும் தராது. பராமரிப்பே வேண்டாம் என்ற வாக்குறுதி வேறு விஷயம். மூடிய பேரிங்கில் கிரீஸ் தீர்ந்தால் மீண்டும் ஊட்ட வழியில்லை, தூக்கி எறிய வேண்டியதுதான். ஆயுளுக்கும் அடைத்தது என்பதில் ஆயுள் யாருடையது என்று லேபிள் சொல்வதில்லை.

திறப்பான் விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். பிரபலமான சங்கிலி, பெல்ட் திறப்பான்களின் கையேடுகள் ஆண்டுக்கொருமுறை ரோலர், பேரிங், கீல்களுக்கு எண்ணெயிடச் சொல்லிவிட்டுத் திறப்பானுக்குத் தனியாக எதுவும் வேண்டாம் என்கின்றன. திருகுத்தண்டு வகைக்கோ குளிரில் இறுகாத கிரீஸ் வேண்டும். வண்டி மாறியும் பழைய பழக்கம் மாறாதவர்கள் பெல்ட்டுக்கும் எண்ணெய் அடித்து, வழுக்கவே கூடாத இடத்தில் வழுக்கவைக்கிறார்கள்.

எல்லாத் தரப்பும் ஏறத்தாழ ஒத்துப்போகும் ஒரே இடம் டிராக். அதில் கிரீஸ் கூடாது. ரோலர் உருள்வதற்குப் பிடிப்பு வேண்டும். கிரீஸ் இட்டால் உருளாமல் சறுக்கும், தூசி சேர்ந்து திட்டுத்திட்டாக இறுகும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். வீட்டுக்காரர்கள் முதலில் எண்ணெய் அடிப்பது இங்கேதான் என்பது வேறு கதை. கண்ணுக்கு நேரே தெரியும் பாகம் அது.

ஸ்பிரிங்: தீராத வழக்கு

கதவைத் தூக்குவது மோட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். கதவின் எடையை ஏறத்தாழ முழுவதும் சமன் செய்வது ஸ்பிரிங்தான், மோட்டார் வெறுமனே நகர்த்துகிறது. சாதாரண ஸ்பிரிங்கின் ஆயுளை அமெரிக்கத் தொழில் 10,000 சுற்று என்று கணக்கிடுகிறது; ஒருமுறை திறந்து மூடினால் ஒரு சுற்று. நாளுக்கு நான்கு சுற்று என்றால் ஏழு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. முறியும்போது துப்பாக்கி வெடித்ததுபோல் சத்தம் வரும்.

எண்ணெயிட்டால் இந்த ஆயுள் நீளுமா? ஒரு தரப்பு உறுதியாக ஆம் என்கிறது. ஸ்பிரிங்கின் வளையங்கள் உரசுகின்றன, உரசல் தேய்க்கிறது, எண்ணெய் தேய்மானத்தைக் குறைக்கிறது என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஸ்பிரிங் தேய்ந்து முறிவதில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளில் ஆராய்ந்த உலோகச் சோர்வுதான் அதைக் கொல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் கம்பியில் ஏறி இறங்கும் அழுத்தம் நுண்விரிசலை வளர்க்கிறது. எத்தனை சுற்றில் முறியும் என்பதைப் பெரும்பாலும் கம்பியின் தடிமனும் நீளமும் சுமையும் தீர்மானிக்கின்றன. அதை எண்ணெய் மாற்றாது. அதிகச் சுற்று தாங்க வேண்டுமானால் தடித்த கம்பியில் நீண்ட ஸ்பிரிங் வாங்க வேண்டும். எண்ணெய்ச் செலவோடு ஒப்பிட்டால் அதுவே நேர்மையான வழி என்று மறுதரப்பு சொல்கிறது.

மறுதரப்பின் வாதமும் முழுமையல்ல. சோர்வு விரிசல் வழக்கமாகத் தொடங்குவது கம்பியின் மேற்பரப்பில். துருப்பிடித்த குழி ஒன்று அழுத்தத்தை ஓரிடத்தில் குவித்து விரிசலுக்கு வாசல் திறந்துவிடுகிறது. அரிப்பும் சோர்வும் சேர்ந்தால் ஆயுள் கணிசமாகக் குறைகிறது என்பது உலோகவியலில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. எண்ணெய்ப்பூச்சு ஈரத்தைத் தடுத்தால், ஆயுளை நீட்டாவிட்டாலும் குறையாமல் காக்கும். ஃபுளோரிடாக் கடற்கரையிலும், சாலையில் தூவிய உப்பு சக்கரத்தோடு கராஜுக்குள் வரும் வடக்கிலும் இந்தக் காப்புக்குப் பொருள் இருக்கலாம். வறண்ட நெவாடாவில் எவ்வளவு பயன் என்பது தெளிவில்லை. துத்தநாகம் பூசிய ஸ்பிரிங்குகளுக்கு இந்த நியாயம் இன்னும் பலவீனம்.

ஆக, ஸ்பிரிங்குக்கு எண்ணெய் என்ற பரிந்துரை சரியாக இருக்கலாம். அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் பெரும்பாலும் தவறு. காரணம் துரு என்றால் நடைமுறையும் மாறும். வளையங்களுக்கிடையே கொழகொழவென்று நிரப்பத் தேவையில்லை. மேற்பரப்பு முழுதும் மெல்லிய படலம் போதும். கனத்த கிரீஸைவிடப் பரவும் எண்ணெய் பொருத்தம். பழைய கைகளின் மோட்டார் ஆயில் இந்த இடத்தில் மறுபடியும் தலைகாட்டுகிறது.

எண்ணெயிடுவதோடு வீட்டுக்காரரின் எல்லை முடிகிறது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. ஸ்பிரிங்கைப் பூட்டிய திருகுகளும், கேபிள் பிடித்திருக்கும் கீழ்முனை உலோகத்தாங்கியும் பெரும் இழுவிசையில் நிற்பவை. அவற்றைத் தளர்த்தியவர்களுக்கு எலும்பு முறிந்திருக்கிறது, உயிரும் போயிருக்கிறது.

சத்தம் அடங்கினால் போதுமா

பொருள்களைப் பற்றிய விவாதத்தில் ஓரமாகத் தள்ளப்பட்ட ஒரு கவலை உண்டு. எண்ணெய் நோயைக் குணப்படுத்தாமல் அறிகுறியை மறைக்கக்கூடும். கதவு முனகுவதற்குக் காரணம் சமன் குலைந்த ஸ்பிரிங்காகவோ, வளைந்த டிராக்காகவோ, விரிசல் விட்ட கீலாகவோ இருந்தால், எண்ணெய் அந்த முனகலை அடக்கிவிட்டு மோட்டாரை மௌனமாகச் சாகவிடும். திறப்பானைக் கழற்றிக் கதவைக் கையால் பாதி உயரம் தூக்கி விட்டுப்பார்க்கும் சோதனை டப்பாவைத் தொடுவதற்கு முன்னால் வர வேண்டியது. நின்ற இடத்திலேயே நின்றால் சமன் சரி. சரசரவென்று இறங்கினால் அது எண்ணெய்க்கான வேலை அல்ல.

1990இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டத்தின்படி, 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டுத் திறப்பான்கள் யாரும் கதவடியில் சிக்காமல் காக்கும் ஏற்பாட்டோடு வர வேண்டும். குழந்தைகள் கதவடியில் சிக்கி இறந்த சம்பவங்களே இதன் பின்னணி. தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேற்படாத உயரத்தில் இருக்கும் ஒளிக்கண்கள் அப்படி வந்தவைதான். மாதம் ஒருமுறை கதவடியில் ஒரு மரச்சட்டத்தைப் படுக்கவைத்து, கதவு தொட்டதும் திரும்புகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். எண்ணெயிடும் வேலையோடு இதற்கு ஒரு நேரடி உறவு உண்டு: தாறுமாறாக அடித்த ஸ்பிரே ஒளிக்கண்ணின் கண்ணாடியில் படிந்தால் கதவு காரணமில்லாமல் நின்றுபோகும். இன்னொன்று, பல அமெரிக்கக் கராஜ்களில் எரிவாயு வெந்நீர்க் கலன் ஒரு மூலையில் எரிந்துகொண்டிருக்கிறது. பல ஸ்பிரேக்களை வெளித்தள்ளும் வாயு புரோப்பேனும் பியூட்டேனும். கதவைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டிய வேலை என்பதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

இன்னும் தீராதவை

பாகம் பாகமாகப் பிரித்துப் பார்த்தால் பழைய சண்டையில் பாதி ஓய்ந்துவிடுகிறது. கீலுக்கு லித்தியமோ நல்ல எண்ணெயோ, ரப்பருக்கு சிலிக்கோன், திறந்த பேரிங்குக்கு ஓரிரு துளி எண்ணெய், நைலான் சக்கரத்துக்கும் டிராக்குக்கும் ஒன்றுமில்லை, இறுகிப்போனதைத் திறக்க மட்டும் நீல டப்பா. இந்த அளவுக்கு இசைவு சாத்தியம் என்றே தோன்றுகிறது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதில் இசைவு இல்லை. கையேடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை, பழுதுபார்ப்பவர்களிடம் ஆறு மாதம், சிலரிடம் மூன்று மாதம். இந்த எண்கள் அளந்து பெற்றவையாகத் தெரியவில்லை. கடற்கரைக்கும் பாலைவனத்துக்கும், நாளுக்கு இரண்டு முறை திறக்கும் கதவுக்கும் பத்து முறை திறக்கும் கதவுக்கும் ஒரே எண் பொருந்த நியாயமும் இல்லை. டப்பா விற்பவரும் வருடாந்தரச் சேவை விற்பவரும் குறுகிய இடைவெளியையே விரும்புவார்கள் என்பதையும் படிப்பவர் கணக்கில் கொள்ள வேண்டும்.

குளிர்ந்த காலைகளில் ஸ்பிரிங்குகள் அதிகம் முறிகின்றன என்பது தொழிலாளர்களிடையே பரவலான அனுபவம். குளிரில் எஃகின் விரிசல் தாங்கும் திறன் குறைவதா, இறுகிய கிரீஸா, இரவில் படியும் ஈரமா, எல்லாம் சேர்ந்ததா என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. லித்தியத்தின் இடமும் இனி உறுதியாக இல்லை. மின்கலத் தொழில் அந்த உலோகத்தை அள்ளிச் செல்வதால் கிரீஸ் தயாரிப்பாளர்கள் கால்சியம் சல்ஃபோனேட் வகையின் பக்கம் நகரத் தொடங்கியிருக்கிறார்கள். நீரையும் துருவையும் அது லித்தியத்தைவிட நன்றாகத் தாங்குகிறது. கப்பலிலும் ஆலையிலும் தேறிய அந்தக் குணம், நாளுக்கு நான்கு முறை மட்டும் அசைந்து மீதி நேரமெல்லாம் குளிரில் சும்மா நிற்கும் ஒரு கீலுக்கு விலைக்கேற்ற பயன் தருமா என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும்.